ஐந்து வரி அலுவலர்

பொதுமக்களுக்குச் சான்றிதழ் தாமதமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதில் மேலிடத்துக்கு இருக்கிற அக்கறையை நாம் யாரும் சந்தேகப்படக் கூடாது. அந்த அக்கறையினால்தான் தேனி அல்லிநகரத்தில் ‘சான்றிதழ் துரித வழங்கல் தனிப் பிரிவு’ என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள். திறப்பு விழா நான்கு முறை தள்ளிப்போனது என்பது வேறு விஷயம்.

அந்தப் பிரிவின் தனி அலுவலர் சுந்தரலிங்கம். நல்ல மனிதர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். “நாளைக்கு வாங்க” என்பதைக்கூட கோயிலில் குருக்கள் ஆசீர்வாதம் கொடுக்கிற மாதிரிதான் சொல்லுவார். அதனால் திட்டு வாங்காமல் திரும்பி வந்தோமே என்று சனங்களுக்கும் ஒரு திருப்தி.

அங்கே புதிய மென்பொருள் ஒன்றைக் கொண்டுவர முடிவானது. என் மகன் ரூபன் வேலை பார்க்கிற சின்னக் கம்பெனிக்கு அந்த வேலை வந்தது. வந்த உத்தரவில் இப்படி இருந்தது: “மேற்படி மென்பொருளை எடுத்த எடுப்பில் பொதுமக்கள்மீது பிரயோகிக்காமல், கண்டெய்னர் முறையிலான சோதனைச் சூழல் ஒன்றை நிறுவி, அதில் பரீட்சித்து, வெற்றி பெறும் பதிப்பை மட்டுமே நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும்.”

“கண்டெய்னர்னா என்னப்பா?” என்று கேட்டேன்.

“அம்மா, அந்த ஆபீஸ்ல இருக்கிற புரோகிராம், பதிவேடு, அது ஓடுறதுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் ஒரு டப்பாவுக்குள்ள அடைச்ச மாதிரி என் கம்ப்யூட்டருக்குள்ளயே உண்டாக்கிருவேன். அதுக்குள்ள என்ன தப்பு நடந்தாலும் வெளிய ஒருத்தருக்கும் சேதாரமில்ல. சாயங்காலம் கலைச்சிரலாம். காலைல ஒரு தட்டு தட்டுனா மறுபடி புதுசா எந்திரிச்சு நிக்கும்.”

“நம்ம கிறிஸ்மஸ் குடில் மாதிரியா? பெத்லகேம் ஊரு முழுசும் இருக்கும், ஒருத்தரும் குடியிருக்க மாட்டாக. மூணு ராசா திருநாள் முடிஞ்சதும் அட்டைப்பெட்டியில எடுத்து வச்சிருவோம்.”

ரூபன் என்னை ஒரு நிமிசம் பார்த்தான். “அஞ்சு நாளா ஆபீஸ்ல வெளக்குறேம்மா. ஒருத்தருக்கும் புரியல” என்றான்.

டப்பா தயாராகிவிட்டது. உள்ளே போட ஆள்தான் கிடைக்கவில்லை. உயிரோடு இருக்கிறவர்களின் பெயரையோ பிறந்த தேதியையோ சோதனைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறதாம். மற்றவர் விவரம் வெளியே போய்விடக் கூடாது என்கிற நல்ல எண்ணம். ரூபன் கண்டமேனிக்குப் பெயர் எழுதிப் பார்த்தான். தகப்பன் பெயர், ஊர், வயது எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துவராமல் அந்தப் புரோகிராம் துப்பிவிட்டது.

“உசிரோட இல்லாதவுகளைப் போடலாமாப்பா?” என்று கேட்டேன்.

அவன் விதியை எடுத்து இரண்டு தரம் வாசித்தான். “தடை ஒண்ணும் இல்லம்மா.”

என்னிடம் ஒரு நோட்டு உண்டு. எங்கள் காமயகவுண்டன்பட்டியில் தெருவுக்குத் தெரு கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் இருக்கிறது. எங்கள் தெருக் கூட்டத்துக்கு நான்தான் நோட்டு எழுதுவேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்குப் பூசையில் வாசிக்கிறதற்காக, இறந்துபோனவர்களின் பெயர், தகப்பன் பெயர், பிறந்தது, இறந்தது எல்லாம் வரிசையாக இருக்கும். இருநூற்றுப் பதினான்கு பேர். ஒரு புண்ணிய காரியத்துக்குத்தானே என்று எடுத்துக் கொடுத்தேன்.

முதல் சோதனைக்கு எடுத்துக்கொண்டது முதல் பட்டதாரிச் சான்று. ஒரு குடும்பத்தில் இதுவரை ஒருவரும் பட்டம் வாங்கியதில்லை, இந்தப் பிள்ளைதான் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறது என்று கொடுக்கிற சான்று. அதைக் காட்டினால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை. நோட்டில் இருந்த ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு மாதிரி மனுவும் அதற்கு வேண்டிய காகிதங்களும் ரூபனே தயார் செய்துகொண்டான்.

திங்கட்கிழமை ரூபன் வீட்டுக்கு வந்தவன், சிரித்துக்கொண்டே பையைக் கழற்றினான்.

“அம்மா, மூணே நிமிசம். இருநூத்திப் பதினாலு பேருக்கும் சான்று வந்துருச்சு. அப்பத்தா மதலேனாளுக்கு எத்தனை செகண்டு தெரியுமா? முக்கால்!”

என் மாமியார் பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. கடைசிவரைக்கும் கைநாட்டுதான். இப்போது அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி. தகுதியைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. அவருக்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் பட்டம் வாங்கவில்லைதானே. இரண்டாம் வகுப்பிலேயே வாத்தியாருக்குப் பயந்து மேகமலை எஸ்டேட்டுக்கு ஓடிப்போன ஆரோக்கியசெல்வம் தாத்தாவுக்கும் கிடைத்துவிட்டது.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு முனீஸ்வரி வந்தாள். திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவள். அவள் மகள் திரிஷா பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு எடுத்து, தேனியில் ஒரு கல்லூரியில் நர்சிங் படிக்கப் பெயர் வந்திருந்தது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்குள் முதல் பட்டதாரிச் சான்றோடு போய் நிற்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் சலுகை இல்லை. சலுகை இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை அம்மாவோடு தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். மனுப் போட்டுப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

“இன்னைக்கு என்னடி சொன்னாக?” என்று கேட்டேன்.

“அவுக அப்பா பட்டம் வாங்கலைங்கிறதுக்கு அத்தாட்சி வேணுமாம்க்கா. அவரு படிக்காத காலேசுல இருந்து, இவரு இங்கன படிக்கலைன்னு கடுதாசி வாங்கிட்டு வரணுமாம். ‘சார், அவரு எந்தக் காலேசுலயும் படிக்கலையே’ன்னேன். ‘அப்படின்னா எல்லாக் காலேஜ்லயும் வாங்கிட்டு வாங்கம்மா’ங்கிறாரு. சிரிச்ச முகமாத்தேன் சொல்றாரு.”

ரூபனின் கம்ப்யூட்டரில் ஓடிய செய்தி தெரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“ஏப்பா ரூபா, அந்த டப்பாவுக்குள்ள எங்க புள்ளையை ஒருக்கா போட்டு எடுத்துருப்பா!”

“சித்தி, அதுல உசிரோட இருக்கிறவுகளைப் போடக் கூடாது. அதுல வர்ற சான்றும் செல்லாது.”

“செத்தவுகளுக்கு முக்கா செகண்டு, இருக்கிறவுகளுக்குப் பதினாறு நாளா? அப்ப எம் புள்ளையும் செத்துத்தேன்…”

“ஏய், வாயைக் கழுவுடி” என்று அவளை அதட்டி, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஜெபம் சொன்னோம். அவள் அவள் சாமியைக் கும்பிட்டாள், நான் என் மாதாவை.

அலுவலகத்தில் மறுநாள் நடந்ததை ரூபன் வந்து சொன்னான். மூன்று நிமிசத்தில் இருநூற்றுப் பதினான்கு என்று கேட்டதும் சுந்தரலிங்கம் சாருக்குச் சந்தோசம் வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்கிறார்.

“இதுல நான் எங்க இருக்கேன் தம்பி?”

“உங்க இடத்துல அஞ்சு வரி எழுதி வச்சிருக்கேன் சார்.”

“படிங்க.”

ரூபன் படித்திருக்கிறான். “விண்ணப்பத்தை எடு. சட்டத்துல சொன்ன காகிதம் இருக்கா பாரு. இருந்தா சான்று கொடு. இல்லைன்னா எது இல்லைன்னு சொல்லு. அடுத்த ஆளைக் கூப்பிடு.”

சுந்தரலிங்கம் சார் அந்த வரிகளை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாராம். பிறகு, “முப்பத்தோரு வருஷ சர்வீஸ் தம்பி. அஞ்சு வரியா நானு?” என்றிருக்கிறார். ரூபனுக்கே பாவமாகப் போயிற்று.

“சோதனைச் சூழல் அசலை அப்படியே ஒத்திருக்கணும்னு உத்தரவுல இருக்கு. இது ஒத்திருக்கா? ஒரு டீ உண்டா இதுல? ஒரு சர்வர் கோளாறு உண்டா? ஒரு மனுஷன் திரும்பி வந்தானா? பொறுப்பில்லாம செஞ்சிருக்கீங்க. என்னை முழுசா எழுதிக் கொண்டாங்க.”

அதன்படி ஒரு வாரம் ரூபன் அவர் நாற்காலிக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குறிப்பெடுத்தான். அவரும் நல்ல ஒத்துழைப்புக் கொடுத்தார். “இதை எழுதிக்கிட்டீங்களா?” என்று திரும்பித் திரும்பிக் கேட்டுக்கொண்டாராம். ரூபன் எடுத்த குறிப்பை நானும் பார்த்தேன். ‘பத்து நாற்பதுக்கு வருகை. கொடுத்த காகிதங்களைப் பார், அதில் இல்லாத ஒன்றைக் கேள். எல்லாம் இருந்தால், இருக்கிற ஒன்றை வேறு அளவுத் தாளில் ஜெராக்ஸ் கேள். அதுவும் இருந்தால் சர்வர் இல்லை. சர்வர் இருந்தால் டீ. நான்கு மணிக்கு மேல் எது கேட்டாலும் நாளைக்கு.’ நடுவில், ‘தெரிந்தவர் வந்தால் எழுந்து நில், வேலை நடக்காது, ஆனால் நாற்காலி கொடு’ என்று ஒரு வரி.

ஐந்து வரி நாலாயிரம் வரி ஆனது. அலுவலகமே அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டது. கண்டெய்னர் என்கிற வார்த்தை எல்லார் வாயிலும் புகுந்துகொண்டது. சாயங்காலம் கலைத்துவிட்டுக் காலையில் புதிதாகத் தொடங்குவதுதான் அதன் சிறப்பு என்று கேள்விப்பட்ட டோக்கன் பிரிவுக்காரர், அன்றன்றைக்கு மிச்சமாகிற டோக்கன்களைச் சாயங்காலமே கிழித்துப் போட ஆரம்பித்தார். மறுநாள் பழைய டோக்கனோடு வந்தவர்களிடம், “இப்ப எல்லாம் கண்டெய்னர் முறை. நேத்துங்கிறதே கிடையாது” என்றாராம். நிலுவை மனுக்கள் பூஜ்யம் என்று போர்டில் எழுதியாயிற்று.

இரண்டாவது சோதனையும் நடந்தது. இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவருக்கும் சான்று கிடைக்கவில்லை. ஒவ்வொருவரையும் சராசரியாகப் பதின்மூன்று தரம் திருப்பி அனுப்பியிருந்தது அந்த டப்பா. சுந்தரலிங்கம் சார் ரூபனின் தோளில் தட்டி, “இப்பத்தான் தம்பி ஆபீஸ் மாதிரி இருக்கு” என்றார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அந்த ஆன்மாக்கள் மோட்சத்துக்குப் போகுமுன் உத்தரிக்கிற ஸ்தலத்தில் படுகிற பாடு போதாதென்று, என் நோட்டால் இங்கேயும் பதின்மூன்று தரம் அலைந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர்களுக்காகத் தனியாக ஒரு ஜெபமாலை சொன்னேன்.

புதன்கிழமை சென்னையிலிருந்து ஆய்வு அலுவலர் ஜெபஷீலா மேடம் வந்தார்கள். சோதனைச் சூழலைப் பார்வையிட்டு, எந்தப் பதிப்பு நடைமுறைக்கு வரலாம் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியது அவர்கள் பொறுப்பு.

“முதல் பதிப்புல எத்தனை?”

“இருநூத்திப் பதினாலுக்கு இருநூத்திப் பதினாலு மேடம்” என்றான் ரூபன்.

“ரெண்டாவதுல?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“மேடம், ஆனா ரெண்டாவதுதான் அசல் மாதிரியே இருக்கு” என்றார் சுந்தரலிங்கம் சார். “நீங்க வேணும்னா ஒரு மனுவைப் போட்டுப் பாருங்க.”

மேடம் ஒரு மனுவைப் போட்டார்கள். அது ஜெராக்ஸ் கேட்டது. கொடுத்தார்கள். சர்வர் இல்லை என்றது. மேடத்துக்கு ரொம்பத் திருப்தி. கோப்பில் எழுதினார்கள்: “சோதனைச் சூழல் நடப்பு நிலையைத் துல்லியமாகப் பிரதிபலிப்பது பாராட்டத்தக்கது. விதிப்படி வெற்றி பெற்ற பதிப்பினை வியாழன் மாலைக்குள் நடைமுறைப்படுத்துக.” எழுதிவிட்டு, கள ஆய்வுக்காக மேகமலைக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே என்ன களம், என்ன ஆய்வு என்று கேட்பதற்கு நாம் யார்? குளிராக இருக்கும், சால்வை கொண்டுபோங்கள் என்று மட்டும் சுந்தரலிங்கம் சார் சொன்னாராம்.

“சார், இதுல வெற்றி பெற்ற பதிப்பு எது?” என்று ரூபன் கேட்டிருக்கிறான்.

“விதியில என்ன இருக்கோ அதைச் செய்ங்க.”

விதியில் இருந்தது இதுதான்: ‘அதிக எண்ணிக்கையிலான மனுக்களுக்குச் சான்று வழங்கிய பதிப்பே வெற்றி பெற்றதாகக் கருதப்படும்.’ ரூபன் அதை அப்படியே எடுத்து எழுதி, ‘ஆகவே முதல் பதிப்பு நடைமுறைக்குக் கொண்டுவரப்படுகிறது’ என்று சேர்த்து, கையெழுத்துக்கு வைத்தான். பொதுமக்கள் கொடுக்கிற காகிதத்தைச் சுந்தரலிங்கம் சார் வரிவரியாக வாசிப்பார். அலுவலகக் காகிதம் என்றால் கையெழுத்துப் போடுவார். இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிச் செய்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த ஐந்து வரி வேலைக்குச் சேர்ந்தது. பத்து நிமிசத்தில், தேங்கிக் கிடந்த ஆயிரத்து நூற்று நாற்பது மனுக்களில் காகிதம் சரியாக இருந்த அத்தனைக்கும் சான்று போய்விட்டது. எங்கள் பள்ளத்தாக்கு ஊர்கள் முழுக்கப் போன் சிணுங்கியிருக்கும். திராட்சைப் பந்தலுக்கடியில் முனீஸ்வரியின் போனும் சிணுங்கியது.

அவள் ஓட்டமாக வந்தாள். சந்தோசமாக வருவாள் என்று நினைத்தேன். முகம் வெளிறியிருந்தது.

“யக்கா, சான்று வந்துருச்சாம்க்கா. என்னமோ தப்பு நடந்துருக்கு.”

“என்னடி தப்பு?”

“ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல. அந்தக் காலேசுக் கடுதாசியும் குடுக்கல. கையெழுத்துப் பேனா மசியில இல்ல, சீல் இல்ல. சும்மா போன்ல வந்து கிடக்கு. எவனாச்சும் ஏமாத்துறானா?”

திரிஷா போனை வாங்கிக் காட்டினாள். “பெரியம்மா, கீழ கட்டங்கட்டமா ஒண்ணு இருக்குல்ல, அதைக் காலேஜ்ல போன் வச்சுப் பார்த்தாலே உண்மை தெரிஞ்சிரும். அம்மாகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க.”

“செல்லும் சித்தி, நான்தானே போட்டேன்” என்றான் ரூபனும்.

“நீ போட்டதுதேன் பயமா இருக்கு. நீ நேத்துப் பொறந்த பையன். சுந்தரலிங்கம் சார் போட்டுருந்தா நம்பலாம்.”

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பெற்ற பிள்ளையைப் பற்றி அப்படி நினைக்கக் கூடாதுதான். ஆனால் இருபத்தாறு நாள் அலைந்து கிடைக்காதது ஒரு சிணுங்கலில் கிடைக்குமா? காலேசில் போய் அசிங்கப்படுவதைவிட, காலையில் முதல் வேலையாக ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது என்று நான்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே நானும் முனீஸ்வரியும் திரிஷாவும் அல்லிநகரம் போய்விட்டோம். அங்கே எங்களுக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். எல்லார் கையிலும் அந்தச் சான்று. இருக்கிற ஜெராக்ஸ் கடையில் எல்லாம் அச்சடித்து, பிளாஸ்டிக் உறையும் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள்.

பத்து நாற்பதுக்குச் சுந்தரலிங்கம் சார் வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்துப்போனார். விசயம் தெரிந்து, கோப்பை வாங்கித் தன் கையெழுத்தைத் தானே இரண்டு தரம் பார்த்தார். அவருடைய கையெழுத்துத்தான். இனி அதை ஒன்றும் செய்ய முடியாது. வெளியே வந்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. செல்லும். வீட்டுக்குப் போங்க” என்றார்.

ஒருவரும் நகரவில்லை.

“சார், ஏமாத்தாதீக” என்றார் முன்னால் நின்ற அம்மாவாசி என்கிற தென்னந்தோப்புக்காரர். “எங்களை ஒரு தடவைகூட நாளைக்கு வான்னு சொல்லல. ஒரு ஜெராக்ஸ் கேக்கல. இப்படி ஒரு சான்று உலகத்துல உண்டா?”

“ஐயா, சட்டப்படி இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்ல.”

“அதெல்லாம் தெரியாது. ஒரு கையெழுத்தாச்சும் போடுங்க!”

“போடுங்க! போடுங்க!” என்று கூட்டம் கத்தியது. நானும் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சுந்தரலிங்கம் சார் இரண்டு கையையும் கூப்பி, “செல்லும், நம்புங்க” என்று கெஞ்சினார். அவர் அப்படி அவசரப்பட்டு யாரையும் அனுப்பிப் பார்த்ததில்லை என்பதால் சந்தேகம் இன்னும் கூடியது.

கடைசியில் அவர் மேசையைப் போட்டு உட்கார்ந்தார். ‘மேற்படி சான்று தாமதமின்றி வழங்கப்பட்டிருப்பினும் உண்மையானதே என்பதற்கான சான்று’ என்று புதிதாக ஒன்று கொடுப்பதாக அறிவித்தார். முதல் ஆளாக அம்மாவாசி காகிதங்களை நீட்டினார். சார் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றைக் கேட்டார். “நாளைக்குக் கொண்டாங்க” என்றார்.

கூட்டம் அப்படியே அமைதியாகிவிட்டது. நாளைக்குச் சனிக்கிழமை, லீவு என்பதை ஒருவரும் சொல்லவில்லை. அம்மாவாசி வேட்டியைச் சரிசெய்துகொண்டு நிம்மதியாக வெளியேறினார். “இது ஆபீசு” என்றாள் முனீஸ்வரி.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தோம். திரிஷாவைக் காணோம். தண்ணி குடிச்சிட்டு வர்றேன் என்று பத்து மணிக்குப் போன பிள்ளை. அங்கன இங்கன தேடிக்கொண்டிருக்கும்போது, பதினொன்று அடித்த கொஞ்ச நேரத்தில், முனீஸ்வரியின் போனுக்கு அழைப்பு வந்தது. அவள் காதில் வைத்துக் கேட்டாள். “ஆத்தாடி… நெசமாவா… சரி, சரி” என்றாள். போனை இடுப்பில் சொருகினாள்.

“என்னடி?”

“காலேசுக்குப் போயிட்டாளாம்க்கா. யாரு போனையோ வாங்கிப் பேசுறா. நேத்தே ரூபன் தம்பி ஒரு காப்பி எடுத்துக் குடுத்துருக்கு. அதை நீட்டுனாளாம். அந்தக் கட்டத்தை என்னமோ பார்த்தாகளாம். சீட்டுக் குடுத்துட்டாகளாம்.”

“மாதாவே!” என்று நான் சிலுவை போட்டேன். முனீஸ்வரி சிரிக்கவில்லை. தள்ளி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“ரெண்டே நிமிசமாம்க்கா. உக்காருன்னு சொல்லி, தண்ணி குடுத்து, வாழ்த்துச் சொன்னாகளாம்.” குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நெசமான காலேசுதேனாக்கா அது?”

எனக்கும் அதுதான் உறுத்தியது.

“எதுக்கும் வரிசையை விட்டுறாத” என்றேன். “சார்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுருவோம்.”